அடைகதவுடையார் திருமுன்பு வைத்த ஓலை

நீர் நிறைக. நெறி நிற்க. நாடு நலம் பெறுக.

ஆழிமுக நாட்டுக்கு உடையவரும், ஏழு துறைக்கும் பன்னிரண்டு உப்பளத்துக்கும் இறைவரும், முந்நூறு ஆண்டாகத் திறவாத கதவுக்குள் வீற்றிருப்பவரும், முடிசூடிய மன்னர் யாவரும் தம்மை இவருடைய காரியத்தர் என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும்படி நாடாள்பவருமாகிய அடைகதவுடைய பெருமான் திருமுன்பு, அப்பெருமானின் காரியத்தராய் இரண்டாம் ஆண்டு ஆட்சி செலுத்தும் நெடுவேள் மன்னரின் ஓலைநாயகம், நாணலூர் கிழான் காரி சாத்தன், நிலம் தோய வணங்கி எழுதுவது. இது விண்ணப்பமாகத் தொடங்கி ஆணையாக முடியும் ஓலை. அப்படி ஓர் ஓலையை அடியேன் இதற்குமுன் எழுதியதில்லை.

ஓலை பெறுபவரின் நாட்டு நலத்தை முதலில் விசாரிப்பது முறை. அயல் மன்னருக்கு எழுதும்போது மழை பெய்ததா, யானைகள் நலமா, இளவரசருக்குக் காது குத்தியாயிற்றா என்றெல்லாம் கேட்டு நாலு வரி நிரப்பிவிடலாம். தேவரீருக்கு எழுதும்போது மட்டும் நாற்பது ஆண்டாக எழுத்தாணி இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. தேவரீரின் நாடு எங்கள் நாடே. கதவுக்கு அப்பால் வேறொரு நாடு உண்டா என்று எங்களில் யாரும் அறியோம். ஆதலால் நலம் கேளாமல் நலம் சொல்கிறேன். ஐப்பசி மழை பிந்தினாலும் குறையாமல் பெய்தது. பட்டத்து யானைக்கு முன்காலில் இருந்த புண் ஆறி வருகிறது. குடிகள் நலம், ஒருத்தி நீங்கலாக. அவள் பொருட்டே இந்த ஓலை.

அவள் பெயர் கடம்பி. நண்டோடைத் துறையில் சிறு தோணி தள்ளிப் பிழைப்பவள். வயது முப்பதுக்குள் இருக்கும். கணவன் சேந்தன் வலை முடைபவன். சென்ற ஆவணியில் அந்தத் துறையில் பூதனார் என்னும் தோணிக்காரரின் பெருந்தோணி கவிழ்ந்து ஒன்பது உயிர் போயிற்று. தோணியோட்டி குடித்திருந்தான் என்றார் பூதனார். அளவுக்கு மீறி ஆளேற்றச் சொன்னவரே அவர்தாம் என்றான் ஓட்டி. ஏற்றியதைக் கரையில் நின்று கண்டவள் கடம்பி ஒருத்தியே ஆதலின், சாட்சி சொல்ல அவளை அழைப்பித்தோம். அவளாக வரவில்லை, நாங்களே அழைத்தோம் என்பதைத் தேவரீர் மனத்தில் இருத்த வேண்டும்.

சாட்சி சொல்வோர் தேவரீரின் கதவில் வலக்கை வைத்து, உள்ளே பெருமான் இருக்கக் கண்டறிவேன், அவ்வாறே இதனையும் கண்டறிவேன் என்று சூளுரைப்பது இந்நாட்டு வழக்கம். பூதனார் தரப்பில் இருவர் வந்தனர். இருவரும் மூச்சு விடாமல் சூளுரைத்தனர். பிறகு ஒருவர் தோணியில் இருந்தவர் பதினைந்து பேர் என்றார்; மற்றவர் எண்ணிப் பார்த்ததாகவும் ஏழே பேர் என்றும் சொன்னார். மாண்டவரே ஒன்பது பேர். ஆயினும் இருவரும் கதவைத் தொட்டவர்கள் ஆதலால் இருவர் சொல்லும் மெய் என்று அவையோர் குறித்துக்கொண்டனர். அடியேன்தான் எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

கடம்பி கதவின் அருகே சென்றாள். கை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் சொன்னதைச் செந்தமிழாக்கி எழுதுவதே அவை மரபு என்றாலும், இன்று அடியேன் அதை மெருகேற்ற விரும்பவில்லை. வாயிலிருந்து வந்தபடியே தேவரீர் செவிக்கு வைக்கிறேன்: “ஆளை ஏத்துனத நான் பாத்தேன், சொல்றேன். உள்ள சாமி இருக்கறத நான் பாக்கல. பாக்காதத பாத்தேன்னு மொதல்ல ஒரு பொய்யச் சொல்லிட்டு, அதே வாயால நெசத்தச் சொன்னா அது நெசமாவா இருக்கும்?”

கதவைக் காத்துப் பூசை செய்வோர் தலைவராகிய பெருங்கதவாளர் எழினியார் எழுந்து, அப்படியானால் உள்ளே ஒருவரும் இல்லை என்கிறாயா என்று அதட்டினார். அவள் அஞ்சினாள், அதை அவையே கண்டது. ஆனாலும் சொன்னாள்: “இல்லன்னு நான் எங்க சொன்னேன்? தெரியலன்னுதான சொல்றேன். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு என்று சட்ட ஏட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கதவை மறுத்தோர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது. அப்பெயருக்கு ஒரே தண்டம்தான் இருக்கிறது. அமாவாசை வற்றுநீர் கடலுக்கு இழுக்கும் வேளையில் துடுப்பில்லாத ஓடத்தில் ஏற்றி முகத்துவாரத்தில் விட்டுவிடுவது. பெருமான் வேண்டினால் கரை சேர்ப்பார் என்பது அச்சட்டத்தின் நயம். முந்நூறு ஆண்டில் முப்பத்தொரு பேரை விட்டிருக்கிறோம். ஒருவரும் கரை சேரவில்லை. அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

அவள் தேவரீரை இகழ்ந்து திரிபவளா என்று அடியேன் விசாரித்தேன். கதவாளர்களின் வருகைச்சுவடியைப் புரட்டினேன். நாலு ஆண்டுக்கு முன் மாசியில், நண்டோடைத் துறைப் பெண் ஒருத்தி காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஏழு நாள் கதவருகே கிடந்தாள் என்று அதில் இருக்கிறது. அது கடம்பிதான். சிறையில் அவளைக் கண்டு, அந்த ஏழு நாளும் என்ன வேண்டினாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. “மொதல்ல புள்ளையக் காப்பாத்துன்னு கேட்டேன். அப்புறம் அதுகூடக் கேக்கல. நான் பேசறது காதுல விழுதான்னு மட்டும் கேட்டேன். உள்ள யாராச்சும் ஒரு இருமல் இருமியிருந்தாக்கூடப் போதும், நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்” என்றாள். எட்டாம் நாள் குழந்தை இறந்தது. அதன் பிறகும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாளாம். சுவடியில் அது இல்லை. பிள்ளை போனபின் வந்தவளாகக் கணக்கில்லை போலும்.

பெருமானே, தேடாதவளைத் தண்டிக்கச் சொன்னால் அடியேனுக்கு இத்தனை கலக்கம் இராது. இவள் தேடியவள்.

எழினியார் கற்றவர், கல்நெஞ்சர் அல்லர். அவர் அவையில் மூன்று நியாயம் சொன்னார். அவற்றை மறைக்காமல் எழுதுவது அடியேன் கடமை. பெருமான் வெளிப்பட்டால் அந்த ஒளியை மாந்தர் கண் தாங்காது. ஆகவே மறைந்திருப்பதே அருள் என்றார். அவையில் பலர் தலையசைத்தனர். அடியேனும் அசைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான், ஒளி தாங்காது சரி, ஒரு குரலுமா தாங்காது என்று தோன்றியது. நமக்குப் புத்தி எப்போதும் படி இறங்கின பின்தான் வருகிறது.

காற்றையும்தான் யாரும் கண்டதில்லை, இல்லையென்று சொல்வாயா என்று கடம்பியையே கேட்டார். காற்றைப் பற்றித் தோணிக்காரியிடம் கேட்டது எழினியார் செய்த பிழை. அவள் முதன்முறையாக நிமிர்ந்து நின்றாள். “காத்து இருக்கற அன்னைக்குப் பாய் பொடைக்கும். இல்லாத அன்னைக்குத் தொங்கிப் போயிரும். எனக்குத் தெரியுதே. சாமி உள்ள இருக்கற நாளைக்கும் இல்லாத நாளைக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க, அதையும் கத்துக்கறேன்” என்றாள். எழினியார் அடுத்த நியாயத்துக்குத் தாவினார்.

காணாமலே நம்புவதுதான் நம்பிக்கையின் பெருமை, கண்டபின் நம்புவதில் என்ன புண்ணியம் என்பது மூன்றாவது நியாயம். இதில் உண்மை இருக்கிறது என்றே அடியேன் இன்றும் எண்ணுகிறேன். ஆனால் பெருமை என்பது, அது உள்ளவரைப் பாராட்டுவதற்கு உரியதேயன்றி அது இல்லாதவரை ஆற்றில் விடுவதற்கு உரியதன்று. கொடையும் பெருமைதான், கொடாதவனை நாம் கழுவேற்றுவதில்லை.

இனி அடியேனுக்குத் தெரிந்த துறைக்கு வருகிறேன். தேவரீரின் நாட்டில் ஓர் ஆணை ஓர் ஊரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அந்த ஊரின் நடுவே மூன்று முறை பறை அறைந்து சொல்லியிருக்க வேண்டும். பறையறையாத ஊரில் அந்த ஆணை செல்லாது. இருபது ஆண்டுக்கு முன் புன்னைவாயில் உப்பளத்தார் புதிய சுங்கம் செலுத்தவில்லை என்று வழக்கு வந்தபோது, பறை அறைந்த அன்றைக்கு மழை, யாருக்கும் கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். விசாரித்தோம். மெய்தான். அவர்களை விட்டுவிட்டோம். கேளாத ஆணைக்காக ஒருவனைத் தண்டிப்பது அரசருக்கும் இழுக்கு என்று அன்றைய மன்னர் சொன்னார். மனிதரான அரசருக்கு இழுக்கானது தேவரீருக்கு எப்படித் தகும்? என்னை நம்புக என்பது தேவரீரின் ஆணையானால், நண்டோடைத் துறையில் அந்தப் பறை எப்போது அறையப்பட்டது? அறைந்ததாகக் கதவாளர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய முன்னோர் சொன்னார்கள். பறை கேட்டவனைக் கொண்டுவா என்றால், கேட்டவனைக் கேட்டவனின் பேரன் வருகிறான்.

பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதைத் தேவரீர் அறிவீர். ஒளிந்த பிள்ளை வெகுநேரம் அகப்படாவிட்டால் தானே ஒரு தரம் சிரிக்கும், இல்லாவிட்டால் பானையைத் தட்டும். கண்டுபிடிக்கப்படவே ஒளிகிறது அது. ஒருவருக்கும் அகப்படாதபடி ஒளிந்துகொண்டு, பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து, என்னை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று மற்றப் பிள்ளைகளை அடிக்கும் பிள்ளை செய்வதை எந்தத் தாயும் நியாயம் என்று சொல்லமாட்டாள். இதை எழுதியதற்காக அடியேன் கையை வெட்டுவதானால் வெட்டுக. இப்படி நினைத்துக்கொண்டு தேவரீரை வணங்குவது அதைவிடப் பெரிய குற்றம் என்று பட்டது, எழுதிவிட்டேன்.

நெடுவேள் மன்னர் இளைஞர், இளகிய மனத்தவர். நேற்று அவளைத் தனியே வரவழைத்து, ஒரு சொல்தானே, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ, நாங்கள் யாரும் உன் நெஞ்சைத் திறந்து பார்க்கப் போவதில்லை என்று தாமே வேண்டிக்கொண்டார். அவளுடைய கணவன் சேந்தனும் அருகே நின்று அழுதான். “சொல்லித் தொலையேன், வாய்க்கு என்ன வாடகையா கொடுக்கற?” என்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதான். அவள் சொன்னது இது: “மகாராசா சொல்லச் சொன்னா சொல்லிடறேன். ஆனா உங்களுக்குப் பயந்து சொன்னதுன்னு உள்ள இருக்கறவருக்குத் தெரியாமப் போயிருமா? இருந்தா தெரியும்ல?”

மன்னர் அவளைச் சிறைக்குத் திருப்பி அனுப்பினார். அன்று உணவு கொள்ளவில்லை. இந்த அவையில் தேவரீர் மெய்யாகவே உள்ளே இருக்கக்கூடும் என்று எண்ணிப் பேசியவள் அவள் ஒருத்திதான் என்று அடியேனிடம் பிறகு சொன்னார்.

அரச ஆணை எதுவாயினும் அதை ஓலையில் எழுதி, விளக்கேற்றும் வேளையில் தேவரீரின் கதவுப் பிளவில் செருகி, மறுநாள் விளக்கேற்றும் வேளையில் எடுக்கிறோம். மறுப்பு ஒன்றும் காணாவிட்டால் தேவரீர் உடன்பட்டதாகப் பொருள். முந்நூறு ஆண்டாக இந்நாட்டில் போரும் வரியும் தூக்கும் திருமணமும் இப்படியே தேவரீரின் உடன்பாடு பெற்றன. முப்பத்தொரு ஓடங்களும் இப்படியே போயின. அந்த ஓலைகளில் பதினொன்று அடியேன் எழுதியவை.

மறுப்பு ஒரே ஒரு முறை வந்தது. அதைத்தான் சொல்ல முடியாமல் இதுவரை சுற்றி வந்தேன்.

பதினெட்டு ஆண்டுக்கு முன், உலகன் என்னும் மரக்கலத் தச்சனுக்கு விதித்த தூக்கை முன்னை மன்னர் மனமிரங்கி நீக்கினார். மன்னிப்பு ஓலையை அடியேன் எழுதிச் செருகினேன். மறுநாள் எடுத்தபோது பாதி ஓலை இல்லை. கரையான் தின்றிருந்தது. கதவாளர்கள் கூடிப் பேசினார்கள். பெருமான் மன்னிப்பை மறுத்தார் என்று தீர்ந்தது. உலகனைத் தூக்கிலிட்டார்கள். ஓலைக்கு வசம்பும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் கரையான் அணுகாது. அன்றைக்கு அடியேன் பூசவில்லை. மகளின் திருமணத்துக்கு ஊர் போகும் அவசரம். பூசவில்லை என்று அவையில் எழுந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒருவேளை கரையானைத் தேவரீரே அனுப்பியிருந்தால், அதைத் தடுக்க நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம். பதினெட்டு ஆண்டாக அது ஒரு நாளும் தூங்க விட்டதில்லை. அந்தக் கரையான் தேவரீரின் சொல்லா, அடியேனின் சோம்பலா? இதையாவது சொல்லக் கூடாதா? பேசாதவரின் பேச்சை நாங்களாகப் படிக்கப் புகுந்தால், எங்கள் கை எதை விரும்புகிறதோ அதையே படித்துவிடுகிறோம், பெருமானே. சமயத்தில் பூச்சியைக்கூடப் படித்துவிடுகிறோம்.

கடம்பியின் தண்டத்தை உறுதி செய்யும் ஓலையை எழுதிவரச் சொல்லி இன்று காலை மன்னர் ஆணையிட்டார். ஒன்பது வரி, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். அதற்குப் பதிலாக இதையும் கீழ்வரும் ஆணையையும் எழுதி அவர் முன் படித்தேன். படித்து முடித்ததும் தலையைக் கொடுக்க ஆயத்தமாக நின்றேன். மன்னர் எழுந்து சாளரத்தருகே போய் நின்றார். திரும்பி வந்து தம் விரலிலிருந்த முத்திரையை அடியேனிடம் தராமல் தாமே அரக்கில் பதித்தார். எழினியாரைக் கேட்க வேண்டாமா என்றேன். எழினியாருடைய கதவு அன்று, பெருமானுடைய கதவு என்றார். இந்தச் சில வரி மட்டும் அதன்பின் சேர்த்தது.

ஆகவே, நெடுவேள் மன்னரின் முத்திரையோடு இவ்வோலை தேவரீரின் திருவுள்ளத்துக்கு வைக்கும் ஆணையாவது: நண்டோடைத் துறைக் கடம்பி இக்கணமே விடுதலை பெறுக. அவள் கண்டதை, கதவைத் தொடாமலே, கண்டபடி சாட்சி சொல்க, அச்சாட்சி ஏற்கப்படுக. கதவை மறுத்தோர் என்னும் குற்றம் இன்றுமுதல் இந்நாட்டுச் சட்டத்தில் இல்லையாகுக. நம்புவோர் நம்புக, அவர்க்கு மரியாதை குறையாது. நம்ப இயலாதோர் தம் தொழில் செய்து தம் வீட்டில் வாழ்க. தேவரீர் தாமே நேரில் பறையறைந்து உரைக்கும்வரை, நம்பவில்லை என்பதற்காக இந்நாட்டில் ஓர் உயிரும் தண்டம் பெறாதிருக்க.

நாளை விளக்கேற்றும் வேளைவரை இதற்கு மறுப்பு வராவிட்டால், முந்நூறு ஆண்டு மரபின்படி தேவரீர் உடன்பட்டதாகவே கொள்வோம். போருக்குப் போதுமாயிருந்த மௌனம் ஒரு தோணிக்காரியின் உயிருக்கும் போதும். ஓலைக்கு இம்முறை வசம்பு இரண்டு தரம் பூசிச் செப்புக்குழலில் இட்டு மெழுகால் அடைத்திருக்கிறேன். எலி, கரையான், ஈரம் எதையும் மறுப்பாகக் கொள்ளோம். கதவாளரின் கனவையும் கொள்ளோம்.

மறுக்கத் திருவுளமானால் மறுக்கலாம். ஒரு சொல் போதும். அவள் கேட்ட அந்த ஒரு இருமல் போதும். அதைக் கேட்கும்படி அவளையும் கதவருகே உட்காரவைக்க ஆணையாயிற்று. கேட்டால் அவள் நம்பிவிடுவாள். நம்பியவளைத் தண்டிக்கச் சட்டமில்லை. கேளாவிட்டால் வீட்டுக்குப் போவாள். எப்படியாயினும் அவள் பிழைத்தாள். அவள் பொருட்டு இனி அடியேனுக்குக் கவலையில்லை.

கவலை அடியேன் பொருட்டே. எழுத்தாணி பிடித்த நாள்முதல் ஓலையைச் செருகியவன் நான், எடுத்தவனும் நான். எடுக்கும் ஒவ்வொரு முறையும், அவையோர் வேண்டியது உடன்பாட்டை. அடியேன் திருப்பிப் பார்த்தது ஓலையின் மறுபக்கத்தை, ஒரு கீறலாவது இருக்கிறதா என்று. இன்றளவும் அடியேன் நம்புகிறவன்தான். நாளையும் நம்பவே விரும்புகிறேன். அவளுக்கு அருகில், அதே தரையில், அடியேனும் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு, மன்னர் முத்திரைக்குக் கீழ், ஓலைநாயகம் காரி சாத்தன் கையெழுத்து. கார்த்திகைத் தேய்பிறைப் பன்னிரண்டாம் நாள், பெருந்துறைமங்கலத்து அரண்மனையிலிருந்து.

இந்த ஓர் ஓலையையாவது மறுத்தருள்க.